பாப்பரசர் 23-ம் அருளப்பர்: அவருடைய வாழ்வும் அவருக்கு வந்த வியாதியும்



வேளாங்கண்ணிக்குப் போகாத குடும்பம் நம் பங்கில் அநேகமாய் இராது. ஆரோக்கிய மாதாவின் அந்தக் கோவிலைப் பசிலிக்கா என்ற நிலைக்கு உயர்த்தியவர் யார் என்று கேட்டால், பெரியவர்கள் சிலர் சொல்லக்கூடும், இளையோர் விழிப்பார்கள். 1962-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி அந்தச் சிலாக்கியத்தை அருளியவர் பாப்பரசர் 23-ம் அருளப்பர். இக்காலத்தில் 23-ம் யோவான் என்று எழுதுகிறார்கள். நோயாளிகள் தேடிப்போகும் அந்தத் தலத்துக்கு மகிமை கொடுத்த நாளில், கொடுத்தவரே ஒரு நோயாளி. அதற்கு ஆறு வாரத்துக்கு முன்தான் அவருடைய இரைப்பையில் புற்று இருப்பதை வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். வெகு சிலருக்குத்தான் அது தெரியும்.

அந்தப் பெரியவருடைய சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். அவர் கூட்டிய சங்கத்தைப் பற்றியும், சமாதானத்துக்காக அவர் உழைத்ததைப் பற்றியும் புத்தகங்கள் பல உண்டு. நான் அவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லிவிட்டு, அவருடைய வியாதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். ஏனென்றால் அது நம் வீடுகளுக்கும் வருகிற வியாதி. அது வந்த வீடுகளில் நோயாளியிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற தவிப்பை அடிக்கடி பார்க்கிறேன்.

இத்தாலி தேசத்தின் வடக்கே, பெர்கமோ நகரத்துக்கு அருகே, சோத்தோ இல் மோந்தே என்று ஒரு சிற்றூர். மலையடிவாரம் என்பதே அந்தப் பெயரின் பொருள். 1881-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி அங்கே ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில் பிறந்தவர் ஆஞ்செலோ ரொங்காலி. தகப்பனார் பெயர் ஜொவான்னி பத்திஸ்தா, தாயார் மரியான்னா. பதின்மூன்று பிள்ளைகளில் இவர் நான்காவது. பிறந்த அன்றைக்கே கோவிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிறருடைய நிலத்தைப் பயிர்செய்து, விளைச்சலில் பாதியைச் சொந்தக்காரருக்கு அளந்துவிட்டு, மீதியில் பிழைத்த குடும்பம். சிற்றப்பன் பெரியப்பன் மக்களும் ஒரே கூரையின் கீழ். சாப்பாடு என்றால் பெரும்பாலும் பொலெந்தா எனப்படும் சோளமாவுக் களிதான். நம் நாட்டுப் பக்கத்துக் கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிக வித்தியாசம் இல்லை.

1892-ல் பெர்கமோ சிறு குருமடத்தில் சேர்ந்தார். பிறகு ரோமாபுரிக்குப் படிக்கப் போனார். 1904-ம் வருஷம் ஆகஸ்ட் 10-ந் தேதி குருப்பட்டம் பெற்றார். மறு வருஷமே பெர்கமோவின் மேற்றிராணியாராகிய ராதீனி தெதெஸ்கிக்குக் காரியதரிசியானார். ஒன்பது வருஷம் அவர் கூடவே இருந்தார். 1914 ஆகஸ்ட் மாதத்தில் அந்த மேற்றிராணியார் மரணப் படுக்கையில் கிடந்தபோது, மரணம் நெருங்கிவிட்டது என்பதை அவருக்குச் சொல்லி, ஆயத்தப்படுத்தி, கடைசி மூச்சு வரை பக்கத்தில் இருந்தவர் இந்த இளங்குருவே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதற்குத் திரும்பி வருவோம்.

முதல் மகாயுத்தத்தில் இவரைச் சேனைக்கு அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பணிவிடைக்காரராகவும், பிறகு போர்வீரரின் ஆன்ம குருவாகவும் காயப்பட்டவர்கள் நடுவில் வேலை செய்தார். சாகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் அவர். 1925-ல் மேற்றிராணியார் பட்டம் பெற்று பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டார். கத்தோலிக்கர் சொற்பமாயிருந்த அந்த நாட்டில் பத்து வருஷம். 1928-ல் அங்கே பூமியதிர்ச்சி வந்தபோது இடிந்த ஊர்களுக்குள் போய் வீடிழந்தவர்களுக்கு உதவினார். அப்புறம் துருக்கியிலும் கிரேக்க நாட்டிலும் பத்து வருஷம். இரண்டாம் யுத்தகாலத்தில் ஹிட்லருடைய கொடுமைக்குத் தப்பி ஓடிய யூதர் அநேகருக்கு இஸ்தான்புல்லில் இருந்தபடியே உதவினார். 1944 முடிவில் பாரிஸ் நகரத்தில் பாப்பரசரின் தூதர். 1953-ல் கர்தினாலாகி, வெனிஸ் நகரத்தின் பிதாப்பிதா ஆனார். கீழ்ப்படிதல், சமாதானம் என்ற இரண்டு சொற்களைத்தான் தம் விருதுவாக்காய் வைத்திருந்தார். எங்கே அனுப்பினாலும் போனார்.

வெனிசுக்கு வந்த அதே 1953-ல் அவருடைய வீட்டில் துக்கம். அவருடைய தமக்கை ஆஞ்சில்லா இரைப்பைப் புற்றினால் இறந்துபோனாள். கலியாணம் செய்துகொள்ளாமல், இந்தத் தம்பிக்காக ஊரில் வீட்டைப் பராமரித்து வந்தவள். அடுத்த மூன்று வருஷத்துக்குள் இன்னும் இரண்டு சகோதரிகளும் ஒரு சகோதரனும் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பெரிய சந்தோஷமும் உண்டு, அடிக்கடி சாவுச் செய்தியும் உண்டு.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துகிறேன். அக்காளுக்கு வந்த வியாதி பத்து வருஷத்துக்குள் தம்பிக்கும் வந்ததே, இது தொற்றா, பரம்பரையா, சாபமா என்று கேட்பீர்கள். சாபம் என்று சொல்லுகிற வாயை முதலில் அடைப்போம். அது கிறிஸ்தவர்களுக்கு அடுக்காத பேச்சு. மற்ற இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நோயாளியின் தட்டை ஒதுக்கி வைப்பதும், பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடாமல் தடுப்பதும் அறியாமை; நோயாளிக்கு அது இரண்டாவது வியாதி. ஆனால் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமி உண்டு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் 1982-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுபிராயத்தில், நெருக்கமான வீடுகளில், தாய் பிள்ளை சகோதரர் என்று ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருகிறது. இரைப்பையின் உட்சவ்வை வருஷக்கணக்கில் புண்படுத்தி மெலியச் செய்கிறது. அந்த மெலிந்த சவ்விலே, பல வருஷம் கழித்து, சிலருக்குப் புற்று உண்டாகிறது. சிலருக்கு என்பதைக் கவனியுங்கள். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. இக்காலத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாம், மருந்தினால் ஒழிக்கலாம். 1962-ல் அப்படி ஒரு கிருமி உண்டென்றே வைத்தியர்களுக்குத் தெரியாது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் வந்திருந்தால் நமக்கும் அபாயம் கூடுதல். கிருமியும் சாப்பாட்டுப் பழக்கமும் வீடு முழுவதுக்கும் பொதுவாயிருப்பது அதற்கு ஒரு காரணம். சில குடும்பங்களில், அதாவது நூற்றில் இரண்டு மூன்றிலே, இரத்த வழியாகவே வருகிற குறை ஒன்றும் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டுவது, ஆணாய்ப் பிறந்தது ஆகியவற்றையும் வைத்தியர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். அவற்றை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை வேறு. பீடி சிகரெட் ஒன்று. அளவு மீறிய குடி இன்னொன்று. மூன்றாவது உப்பு: கருவாடு, உப்புக்கண்டம், வருஷம் முழுவதும் பரணில் இருக்கும் ஊறுகாய் ஆகிய உப்பில் ஊறியவை தினமும் தட்டில் இருந்தால் இரைப்பையின் சவ்வுக்குக் கெடுதி. புகைபோட்டுப் பதப்படுத்திய இறைச்சியும் அப்படியே. கருவாட்டுக் குழம்பையே வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். எப்போதாவது வைப்பது வேறு, அதுவே வழக்கமாய் இருப்பது வேறு. காய்கறியும் பழமும் கூடுதலாய் உண்ணும் வீடுகளில் இந்த நோய் குறைவாய்க் காணப்படுகிறது.

சரித்திரத்துக்குத் திரும்புவோம். 1958-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி கர்தினால்மார் கூடி ரொங்காலியைப் பாப்பரசராகத் தெரிந்துகொண்டார்கள். வயது எழுபத்தேழை எட்டிக்கொண்டிருந்தது. கிழவர், சில வருஷம் இருப்பார், பெரிய மாறுதல் எதுவும் செய்யமாட்டார் என்று பலர் எண்ணினார்கள். தகப்பனாரின் பெயரும், தாம் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பெயருமாகிய அருளப்பர் என்ற நாமத்தை அவர் எடுத்துக்கொண்டார். முதல் கிறிஸ்மஸ் நாளிலேயே பிள்ளைகளுடைய ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் ரோமாபுரியின் சிறைச்சாலைக்குப் போய், தம் உறவினர் ஒருவர் அனுமதியில்லாமல் வேட்டையாடிப் பிடிபட்ட கதையைக் கைதிகளுக்குச் சொன்னார். 1959 ஜனவரி 25-ந் தேதி, திருச்சபை முழுவதற்கும் பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். கிழவர் ஒன்றும் செய்யமாட்டார் என்று எண்ணினவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சங்கத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் அவருக்கு வயிற்றில் தொந்தரவு. அவ்வப்போது இரைப்பையில் இரத்தக் கசிவு, களைப்பு. 1962 செப்டம்பர் 23-ந் தேதி சோதனைகளின் முடிவில் புற்று என்று வைத்தியர்கள் தீர்மானித்தார்கள்.

இந்த நோயின் தந்திரமே இதுதான். தொடக்கத்தில் வலிக்காது. வந்தாலும் அஜீரணம் போல, வாயு போல, நெஞ்செரிச்சல் போல வரும். நாமும் சீரகக் கஷாயம் வைத்துக் குடிப்போம். கடையில் மாத்திரை வாங்குவோம். நேற்றைய விருந்தின்மேல் பழிபோடுவோம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது அஜீரணமாகவே இருக்கும். ஆனால் நடுவயதைத் தாண்டியவருக்குப் புதிதாய் வந்த அஜீரணம் இரண்டு மூன்று வாரமாகியும் போகாவிட்டால், இரண்டு கவளத்திலே வயிறு நிறைந்துவிட்டாற்போல் இருந்தால், காரணமில்லாமல் உடல் இளைத்தால், விழுங்கும்போது அடைத்தால், மலம் தார் போல் கறுத்துப்போனால், அது கஷாயத்துக்கு அடங்குகிற காரியம் அல்ல. தார் போன்ற மலம் என்பது இரைப்பையில் கசிந்த இரத்தம். அங்கேயுள்ள புளிப்பு நீரில் பட்டுக் கறுத்துவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆகையால் பார்த்தவுடன் அலறவேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். சிலருக்கு இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே நாள்தோறும் சொட்டுச் சொட்டாய்ப் போய், சோகை மட்டும் தெரியும்: மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும். இன்றைக்கு வாய்வழியாக மெல்லிய குழாயை விட்டு இரைப்பையின் உட்புறத்தை நேரே பார்க்கிறார்கள். சில நிமிஷ வேலை. உட்சவ்வோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஜப்பான் தேசத்தில் அப்படி ஆரம்பத்திலே கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் கடந்தும் உயிரோடிருக்கிறார்கள்.

பாப்பரசருக்கு ஆரம்பக் கட்டம் கடந்துவிட்டிருந்தது; வயதும் எண்பதைத் தாண்டிவிட்டது. ரண சிகிச்சை செய்யவில்லை. மருந்தும், வேண்டியபோது இரத்தம் ஏற்றுவதுமாக நாளைக் கடத்தினார்கள்.

வியாதியை வைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பாருங்கள். பதினோராம் நாள், அக்டோபர் 4-ந் தேதி, ரயிலேறி லொரெத்தோ மாதா கோவிலுக்கும் அசிசி நகரத்துக்கும் போய்ச் சங்கத்துக்காக வேண்டிக்கொண்டார். அக்டோபர் 11-ந் தேதி ஏறக்குறைய 2,500 மேற்றிராணிமார் சூழ அர்ச். இராயப்பர் பேராலயத்தில் சங்கத்தைத் திறந்து வைத்தார். அன்றிரவு தீவட்டிகளோடு சதுக்கத்தில் கூடிய ஜனங்களுக்கு ஜன்னலில் நின்று பேசினார். வானத்தில் நிலா இருந்தது. சந்திரன்கூட வேடிக்கை பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைத் தடவிக் கொடுக்கும்படியும், அது பாப்பரசரின் அன்பு என்று அவர்களிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். தம் வியாதி கண்டுபிடிக்கப்பட்டுப் பதினெட்டு நாளே ஆகியிருந்த மனிதர் பேசிய பேச்சு அது. அதே மாதம் 25-ந் தேதி, கியூபா விஷயமாய் அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டு யுத்தத்தின் விளிம்பில் நின்றபோது, சமாதானத்தைக் கேட்டு வானொலியில் பேசினார். நவம்பர் 3-ந் தேதி வேளாங்கண்ணிக் காரியம். முன்னமே சொன்னேன்.

நவம்பர் 27-ந் தேதி இரவு இரைப்பையில் பெரிய இரத்தப்பெருக்கு உண்டாயிற்று. இரைப்பைக் கோளாறு என்றும் இரத்தசோகை என்றும் வத்திக்கானிலிருந்து செய்தி வந்தது. புற்று என்ற சொல் வரவில்லை. சில நாளிலே எழுந்து ஜன்னலில் காட்சி கொடுத்து, டிசம்பர் 8-ந் தேதி சங்கத்தின் முதல் அமர்வை முடித்து வைத்தார். 1963 ஏப்ரல் 11-ந் தேதி, பெரிய வியாழனன்று, பூமியில் சமாதானம் என்ற பெயருள்ள நிருபத்தை வெளியிட்டார். கத்தோலிக்கருக்கு மட்டுமல்ல, நல்மனமுள்ள எல்லா மனிதருக்கும் என்று விலாசமிட்ட நிருபம் அது.

அந்த மாதங்களில் அவருடைய சரீரத்துக்குள்ளே நடந்தது என்ன? இரைப்பை என்பது பல அடுக்குள்ள பை. உள்ளே சவ்வு, நடுவிலே தசை, வெளியே மெல்லிய உறை. புற்று உட்சவ்வில் தொடங்கி, வேர்விடுகிற ஆலங்கன்று சுவரைப் பிளப்பதுபோல, அடுக்கடுக்காய் வெளியே போகிறது. வழியிலே இரத்தக் குழாயைத் தின்றால் இரத்தப்பெருக்கு. இரைப்பையின் கீழ்வாசலை அடைத்தால், நேற்றுத் தின்றது இன்று வாந்தியாய் வரும். வெளியுறையையும் தாண்டிவிட்டால், விதை உதிர்வதுபோல அணுக்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து, குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் எங்கும் முளைக்கும். அப்போது நீர் கோத்து மகோதரம் உண்டாகும், குடலும் அடைபடலாம். நிணநீர் வழியாய்ப் போனவை நெறிக்கட்டிகளில் தங்கும். இடது காறை எலும்புக்கு மேலே வலியில்லாத கட்டியாய்ச் சிலருக்கு அது வெளியே தெரியும். இரத்த வழியாய்ப் போனவை முதலில் ஈரலைச் சேரும், காமாலை காணலாம். நுரையீரலுக்கும் எலும்புக்கும் போவதுண்டு. பெண்களுக்குச் சினைப்பைகளிலும் கட்டியாய் வரும். காலில் இரத்தம் உறைந்து வீக்கம் காண்பதும் உண்டு.

தொப்புளிலே கெட்டியாய் ஒரு முடிச்சுப் போலத் தோன்றுவதும் இப்படிப் பரவியதற்கு ஓர் அடையாளம். அதற்கு ஒரு கன்னியாஸ்திரியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்து அர்ச். மரியம்மாள் ஆஸ்பத்திரியில், பேர்பெற்ற ரண வைத்தியர் வில்லியம் மேயோவுக்குப் பக்கத்தில் நின்று உதவிய பிரான்சிஸ்கன் சபைச் சகோதரி மேரி ஜோசப், ரண சிகிச்சைக்கு நோயாளிகளை ஆயத்தம் செய்யும்போது இதைக் கவனித்துச் சொன்னவர். 1939-ல் அவர் இறந்தார். உலகமெங்கும் வைத்தியப் புத்தகங்களில் அந்த முடிச்சுக்கு அவர் பெயரே வழங்குகிறது. நோயாளியைத் துடைத்துக் குளிப்பாட்டும் கைகள், பெரிய வைத்தியர் காணாததையும் காண்கின்றன.

பரவிய பிறகு வைத்தியத்தால் ஒன்றும் இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். இக்காலத்து மருந்துகள் சிலருக்கு மாதங்களைக் கூட்டித் தருகின்றன. அடைப்பைத் திறக்கவும், கோத்த நீரை வடிக்கவும், இரத்தம் ஏற்றவும், வலியை அடக்கவும் வழிகள் உண்டு. வலியை அடக்க மருந்து கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. திருச்சபை அதைத் தடுக்கவே இல்லை.

பாப்பரசருக்குக் கடைசியாய் நேர்ந்தது மிகக் கொடியது. 1963 மே 23-ந் தேதி, ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளின திருநாளன்று, ஜன்னலில் கடைசியாய்க் காட்சி கொடுத்தார். மே 30-ந் தேதி இரவுக்கும் விடியலுக்கும் நடுவே இரைப்பையின் சுவர் ஓட்டையாயிற்று. இரைப்பையிலுள்ளது வயிற்றறைக்குள் கொட்டி, உட்சவ்வு முழுவதும் அழற்சி கண்டது. இளவயதுக்காரருக்கானால் உடனே கீறி அடைப்பார்கள். எண்பத்தொரு வயதுக்காரருக்கு, புற்று முற்றிய வயிற்றில், அதற்கு வழியில்லை.

மே 31-ந் தேதி, வெள்ளிக்கிழமை. அவருடைய காரியதரிசி லோரிஸ் கப்போவில்லா என்ற குரு படுக்கையருகே போனார். வைத்தியர்களின் கையில் இனி ஒன்றும் இல்லை, முடிவு வந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நோயாளிதான் அவரைத் தேற்றினார். தாமும் இளங்குருவாயிருந்தபோது தம் மேற்றிராணியாருக்கு இதே ஊழியத்தைச் செய்தவர் அவர். 1914-ல் அவர் செய்தது 1963-ல் அவருக்குத் திரும்ப வந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்து, வழியுணவாக நன்மை வாங்கினார். அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்தவர் வான் லீர்டே என்ற மேற்றிராணியார். துக்கத்தால் நெஞ்சடைத்து, கண் காது என்று எந்த வரிசையில் பூசவேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. படுத்திருந்த பாப்பரசரே வரிசையை எடுத்துக் கொடுத்தார். பிறகு சூழ நின்றவர்களிடம் வெகு நேரம் பேசினார். படுக்கைக்கு எதிரே தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, காலையில் கண் விழித்ததும் இரவில் கண் மூடுமுன்னும் அதைப் பார்ப்பதற்காகவே அங்கே மாட்டச் சொன்னதாக விளக்கினார். அன்றைக்கே மிலான் நகரத்துக் கர்தினால் மொந்தீனி, ஊரிலிருந்து சகோதரர் சவேரியோ, அல்பிரேதோ, ஜுசெப்பே, சகோதரி அசூந்தா ஆகியோரோடு விமானத்தில் வந்து சேர்ந்தார். இந்த மொந்தீனிதான் அந்த ஜூன் மாதமே 6-ம் சின்னப்பர் என்ற பெயரில் அடுத்த பாப்பரசரானவர்.

குடும்பத்தாரே, இந்தக் காட்சியையும் நம் வீடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மிடம் எப்படி நடக்கிறது? வைத்தியர் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார். மகன் மாமனிடம் சொல்கிறான். தெருவுக்கெல்லாம் தெரிகிறது, படுத்திருப்பவருக்கு மட்டும் வயிற்றுப்புண் என்று பெயர். அவரும் எல்லாம் புரிந்துகொண்டு, பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று புரியாதவர்போல் இருக்கிறார். இரண்டு பக்கமும் நாடகம். சொத்துக் காரியம் பேசப்படுவதில்லை. பகையாய்ப் பிரிந்த தம்பியைக் கூப்பிட்டுச் சமாதானம் ஆவதில்லை. சுவாமியாரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார் என்று நாளைத் தள்ளுகிறார்கள். கடைசியில் நள்ளிரவில் கோவில் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது நோயாளிக்கு நினைவு இராது. பூசுதல் அப்போதும் கொடுக்கிறேன். சர்வேசுரனுடைய இரக்கம் நம் தாமதத்தைவிடப் பெரிது. ஆனாலும் அந்த மனிதர் தம் வாயால் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம், மனைவியிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவருக்கு உரியது. அன்பின் பெயரால் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. வைத்தியரைக் கொண்டு, நோயாளி கேட்கிற அளவுக்கு, கேட்கிற வேகத்தில் சொல்லுங்கள். அவர் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள். பூசுதலைக் கேட்டால் உயிர் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய பெயரே அந்தப் பயத்துக்குப் பாதி காரணம். 23-ம் அருளப்பர் கூட்டிய சங்கம், அவர் இறந்து ஆறு மாதமானபின், 1963 டிசம்பர் 4-ந் தேதி, அதை நோயாளிகளின் பூசுதல் என்று அழைப்பதே மேல் என்றும், சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றும் தீர்மானித்தது. அபாயமான ரண சிகிச்சைக்கு முன்னும் அதைப் பெறலாம். நோய் மோசமானால் மறுபடியும் பெறலாம்.

பாப்பரசர் இன்னும் மூன்று நாள் இருந்தார். வலி கடுமை. நினைவு வருவதும் போவதுமாயிருந்தது. ஜூன் 2-ந் தேதி பெந்தகோஸ்தே திருநாள் கடந்தது. 3-ந் தேதி திங்கட்கிழமை மாலையில் அர்ச். இராயப்பர் சதுக்கம் ஜனங்களால் நிரம்பியிருந்தது. கர்தினால் திராலியா நோயாளிக்காகப் பூசை வைத்தார். பூசை முடிந்த நேரம், 7 மணி 49 நிமிஷத்துக்கு, மேலே அறையில் அவருடைய ஆத்துமம் பிரிந்தது.

2000-ம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2014 ஏப்ரல் 27-ந் தேதி அர்ச்சிஷ்டர் பட்டமும் கொடுக்கப்பட்டன. சங்கம் தொடங்கிய அக்டோபர் 11 அவருடைய திருநாள். உண்மையைச் சொல்லி அழுத கப்போவில்லா, தொண்ணூற்றெட்டாம் வயதில் கர்தினாலாக்கப்பட்டு, 2016-ல் நூறு வயது நிறைந்து இறந்தார். விமானத்தில் வந்த சகோதரர்களில் சவேரியோ 1976 வரையிலும், அசூந்தா 1980 வரையிலும், ஜுசெப்பே 1981 வரையிலும் இருந்தார்கள். ஆஞ்சில்லாவும் ஆஞ்செலோவும் பிறந்த அதே வீட்டில் பிறந்து, அதே சோளக் களியை உண்டு வளர்ந்தவர்கள்தான் இவர்களும்.